நாற்பத்தேழாம் நம்பர் பம்ப்

எனக்கு வாய் நீளம் என்று கம்பெனி முழுக்கத் தெரியும். கேன்டீனில் சாம்பார் தண்ணியாக இருந்தால்கூட எம்.டி. வரைக்கும் போய்ச் சண்டை போடுவேன். அப்பேர்ப்பட்ட கோகிலவாணி ஒன்பது வருஷம் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது பிரயோஜனம் இல்லாமல் போய்விட்டது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நாங்கள் செய்வது இதயப் பம்ப். நோஞ்சான் இதயத்தோடு சேர்த்து நெஞ்சுக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள், ஆயுசுக்கும் அது ரத்தத்தைத் தள்ளும். எங்கள் எம்.டி. நல்லசிவத்தின் அப்பா கிணற்று மோட்டார் செய்தவர். அப்பன் தோட்டத்துக்குத் தண்ணி எறைச்சான், மகன் ரத்தம் எறைக்கறான் என்று கோயமுத்தூரில் எங்களைக் கேலி பேசுவார்கள். நான் அங்கே டிசைன் பிரிவுக்குத் தலைவி.

பாகங்களை மாடலாக வரைவது கேட் (CAD) என்கிற மென்பொருளில். எந்தப் பாகத்துக்கு எந்த எண், அது எத்தனையாவது ரிவிஷன், அதாவது எத்தனையாவது திருத்தம், யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதெல்லாம் இருப்பது பி.டி.எம். என்கிற இன்னொரு மென்பொருளில். அத்தனை வருஷமும் இவை இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாத மாமியாரும் மருமகளும் மாதிரி ஒரே வீட்டில் குடியிருந்தன. நடுவில் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது எங்களைப் போன்ற மனிதர்கள். 2043இல் புதுச் சட்டம் வந்தது. இரண்டையும் இணைக்க வேண்டும், நோயாளியின் நெஞ்சில் இருக்கும் பம்பையும் அதே கயிற்றில் கோக்க வேண்டும் என்றார்கள்.

இணைப்பைச் செய்ய சென்னையிலிருந்து ஃபர்ஹானா என்ற பெண் வந்திருந்தாள். கெட்டிக்காரி. ஒரு திங்கட்கிழமை காலை, சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லோருக்கும் கேசரி கொடுத்து ஆரம்பித்தோம்.

"இனிமே நீங்க மாடல்ல ஒரு அளவை மாத்தி அப்ரூவ் பண்ணினா போதும் மேடம். சரியான வேகம் என்னன்னு சிஸ்டமே கணக்குப் போடும். பேஷன்ட் நெஞ்சுல இருக்கற பம்ப் வரைக்கும் அதுவே போய்ச் சேந்துடும். நடுவுல ஆளே கிடையாது" என்றாள்.

"நடுவுல ஆளு இருந்தா என்னம்மா கெட்டுப்போச்சு?"

"ஆளுங்கதானே மேடம் தப்பு பண்றாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பத்து நிமிஷத்தில் திரையில் முதல் முடிவு வந்தது. ரிவிஷன் சி. உபயோகத்தில் உள்ள பம்புகள் 311. இப்போதைய வேகம், நிமிஷத்துக்கு 2,400 சுற்று. இருக்க வேண்டிய வேகம் 2,900. புதன்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாப் பம்புகளுக்கும் புது வேகம் போகும்.

நல்லசிவம் சார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பாத்தியா வாணி! ரிவிஷன் சி பம்ப் வெச்சவிய பத்தொன்பது பேரு மூளைல ரத்தம் கட்டிப் போய்ச் சேந்தாங்களே, எதனாலன்னு நாலு டாக்டருங்க உக்காந்து யோசிச்சும் தெரியலியே! வேகம் பத்தல, ரத்தம் உள்ளயே தேங்கிக் கட்டியாயிருச்சு. இது பத்து நிமிஷத்துல சொல்லிருச்சு பாரு!"

நான் திரையைப் பார்த்தேன். பம்புக்குள் சுழலும் சக்கரத்துக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி 180 மைக்ரான் என்று மாடலில் இருந்தது. கையில் இருந்த கேசரியை மேசைமேல் வைத்தேன்.

அந்த 180ஐப் போட்டவள் நான்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அது 120 மைக்ரானாக இருந்தது. முதல் நூற்றுமுப்பது பம்புகள் அப்படித்தான் போயின. அதன்பின் வந்த சக்கரங்கள் கூட்டில் உரச ஆரம்பித்தன. கூட்டின் உள்வட்டத்தைப் பெரிதாக்கி, இடைவெளியை ஒரு தலைமுடிக்கும் குறைவாக அகட்டினால் சரியாகிவிடும். ஆனால் முறைப்படி செய்தால் ரிவிஷன் சி என்பதை டி என்று ஏற்ற வேண்டும். அதற்கு எட்டுக் கையெழுத்து, மறுபடி பரிசோதனை, இரண்டு மாசம். ஆஸ்பத்திரியில் ஆறு பேர் பம்புக்காகப் படுத்திருந்தார்கள்.

எங்கள் ஆபீசில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. அமுக்கித் திருத்துவது என்போம். ரிவிஷன் எழுத்தை மாற்றாமல், யாருக்கும் சொல்லாமல், மாடலில் மட்டும் அளவைத் திருத்திச் சேமித்துவிடுவது. எல்லா டிசைன் ஆபீசிலும் எல்லோரும் செய்வதுதான். ஒரு மதியம், சாப்பாட்டு மணி அடிப்பதற்குள், 120ஐ 180 ஆக்கினேன். வேகத்தைக் கணக்குப் போடும் பிரிவுக்குத் தெரியாது. அவர்கள் காகிதத்தில் இருந்த பழைய 120ஐ நம்பி 2,400 என்றே விட்டுவிட்டார்கள்.

அந்தப் பத்தொன்பது பேரைக் கொன்றது நான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் புதன்கிழமை நல்ல நாள். மீதி இருக்கும் அகல இடைவெளிக்காரர்கள் இருநூற்றேழு பேரும் பிழைப்பார்கள். ஆனால் முதல் நூற்றுமுப்பதில் இன்னும் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுநான்கு பேர். 120 மைக்ரான் சந்துக்குள் 2,900 சுற்றில் ஓட்டினால் ரத்த அணுக்கள் அரைபட்டு நொறுங்கும். முதலில் மூத்திரம் கறுக்கும், அப்புறம் சிறுநீரகம் போகும், பத்துப் பதினைந்து நாளில் ஆளும் போவார். சிஸ்டத்துக்கோ ரிவிஷன் சி என்றால் ஒரே சாமான். அதில் இரண்டு ஜாதி இருப்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி நான். இன்னொருவர் சாமியப்பன் அண்ணன்.

அண்ணன் எங்கள் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒவ்வொரு பம்பையும் அளந்து ஷீட்டில் எழுதுவது அவர் வேலை. நான் அளவைத் திருத்திய அன்று அவரிடம் போய், "அண்ணா, இந்த ஒருவாட்டி கண்டுக்காதீங்க. ஷீட்டுல பழைய அளவையே எழுதிருங்க" என்றேன். எழுதிவிட்டார். ரிட்டயர் ஆன அடுத்த வருஷம் அவருக்கே இதயம் படுத்துவிட்டது. எங்கள் பம்பைத்தான் வைத்தார்கள். நம்பர் 47, ரிவிஷன் சி.

மதியமே இருகூரில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இடுப்பில் பேட்டரிப் பையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கதவைத் திறக்க நாலு எட்டு நடந்ததற்கே மூச்சு வாங்கியது. வயசுதான் காரணம் என்று நினைத்தேன். டிசைன் தலைவி என்று பெயர்தான் பெரிசு.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"பத்தொன்பதா?" என்றார் கடைசியில்.

"ஆமாங்கண்ணா."

"அளக்கறப்ப 180னு காட்டுச்சு அம்மிணி. நான் 120னு எழுதுனேன். இருநூறு ஷீட்டுக்கு மேல இருக்கும். நீ கோட்ட நகத்துன, நான் கையெழுத்துப் போட்டேன். பாவத்துல உனக்குப் பாதி எனக்குப் பாதி. அழுவாத, போயிச் சொல்லு."

"சொன்னா நம்ப மாட்டாங்கண்ணா. உங்க ஷீட்டு அத்தனையும் 120ங்குது. மாடல் 180ங்குது. எது எதுக்குன்னு சாட்சி எங்க?"

அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நாப்பத்தேழு. முதல் லாட்டு. என்ற கையால அளந்தது. இதுதான் சாட்சி."

செவ்வாய்க்கிழமை காலை நல்லசிவம் சாரிடம் போட்டு உடைத்தேன். என்னைத் திட்டவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "அட சாமி! முழுப் பூசணிக்காயையும் சோத்துல மறைச்சிட்டியே வாணி" என்றார். அவரே டில்லியில் உள்ள மருத்துவச் சாதனப் பாதுகாப்புக் குழுவைக் கூப்பிட்டார். அன்று மாலையே திரையில் விசாரணை. குழுவின் தலைவர் ஒரு தமிழ் டாக்டர் அம்மா. நிதானமானவர். அவரைத் திட்டினால் என் நாக்கு அழுகிவிடும், அவர் கேட்டது எல்லாமே நியாயமான கேள்வி.

"ஒரே எண், ஒரே ரிவிஷன்னா ஒரே பொருள். அதுதானேம்மா உங்க தொழிலோட அடிப்படையே?"

"ஆமாங்க மேடம். நான் அத மீறிட்டேன். எண் ஒண்ணுல இருந்து நூத்திமுப்பது வரைக்கும் வேற சாமான். அவங்களுக்கு மட்டும் பழைய வேகத்தையே விட்டுருங்க."

"எக்ஸ்ரேல தெரியாதா?"

"அறுபது மைக்ரான் வித்தியாசம் எந்த ஸ்கேன்லயும் தெரியாதுங்க. மோட்டார் இழுக்கற கரன்ட்ட வெச்சும் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் ரத்தத்தோட கெட்டி மாறுது."

"ரெண்டு வேகத்துக்கும் நடுவுல ஒண்ணு வெச்சா?" என்று நல்லசிவம் சார் குறுக்கே கேட்டார்.

ஃபர்ஹானா கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். "ரெண்டு பக்கமும் போவாங்க சார். கொஞ்சம் லேட்டா."

"இன்ஸ்பெக்ஷன் ஷீட் பொய், மாடல் பொய், நீங்க இப்ப சொல்றது மட்டும் உண்மைங்கறீங்க" என்றார் டாக்டர் அம்மா. "உங்க பேச்சை நம்பி வேகத்தை நிறுத்தி, அது தப்பாப் போனா நாளைக்கு அந்த நூத்துநாலு பேரும் ரத்தம் கட்டிச் சாவாங்க. எனக்கு ஒரு பம்பாவது நிரூபிச்சுக் காட்டணும்."

அப்போதுதான் சாமியப்பன் அண்ணன் பேசினார். நான் வேண்டாம் என்று சொல்லியும் வாடகைக் காரில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நாந்தானுங்க நிரூபணம். என்ற பம்புக்கு மட்டும் புது வேகத்தப் போடுங்க. என்ற ரத்தம் ஒடைஞ்சா வாணி சொல்றது உண்மை. மத்தவிய நூத்திமூணு பேரையும் உட்டுருங்க."

"உங்க உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"தெரிஞ்சுதானுங்க. வேற யாரையும் இதுக்குக் கூப்புட முடியாது. எனக்குக் கடன் இருக்குது."

பத்து நாள் அவகாசம் கொடுத்தார்கள். சோதனை என்று குழு தனி அனுமதி கொடுத்ததால் 47ஆம் பம்ப் மட்டும் 2,900க்குப் போனது. ஒரே ரிவிஷனைப் பிரிக்க முடியாததால் மற்ற எல்லாம், அகல இடைவெளிக்காரர்களுடையதும்கூட, பழைய 2,400லேயே ஓடின.

இந்தப் பத்து நாளைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் பிழைக்க வேண்டும் என்று மருதமலை முருகனிடம் வேண்டினேன். அதே வாயால், நர்ஸ் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டும்போதெல்லாம், உடைந்திருக்கட்டும், உடைந்திருக்கட்டும் என்று முணுமுணுத்தேன். கூடப் பிறக்காத அண்ணன் அவர். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட நின்றவர்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் கால் வீக்கம் வடிந்திருந்தது.

"மருந்து வேலை செய்யுதாட்ட இருக்குது" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் வார்டைச் சுற்றி நடந்தார். மூச்சு வாங்கவில்லை. ஆறாம் நாள் பசிக்கிறது என்று இரண்டு இட்லி கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தட்டை ஒதுக்கி வைத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏழாம் நாள் திருச்செங்கோட்டில் அகல இடைவெளிக்காரர் ஒருவர் ரத்தம் கட்டிச் செத்துப்போனார். நான் மனுப் போடாமல் இருந்திருந்தால் புதன்கிழமையே அவருக்குப் புது வேகம் போயிருக்கும். இருபதாவது ஆள்.

எட்டாம் நாள் அசெம்பிளிப் பிரிவுக்கு ஓடினேன். அங்கே மேற்பார்வை பார்க்கும் விஜயராணியிடம், நாற்பத்தேழை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அது ஒரு ஆஸ்பத்திரில வெக்காமத் திருப்பி அனுப்பி, ஸ்டோர்ல ரொம்ப வருஷமாக் கிடந்த பம்புங்க மேடம். ரெண்டு வருஷத்துக்கு மேல கிடந்தா பிரிச்சுப் போட்டு வெளிக்கூட்டை மாத்தித்தான் அனுப்புவோம்."

"புதுக் கூடு எங்கிருந்து எடுத்தீங்க?"

"உதிரிப் பாகப் பெட்டில இருந்துதானுங்க. அதே நம்பர், அதே ரிவிஷன் சி. அப்புறம் என்னங்க?"

"இப்படி எத்தனை பம்புக்கு மாத்துனீங்க?"

"இருபது, இருபத்தஞ்சு இருக்குமுங்க. எழுதி வைக்கலீங்க. ஒரே நம்பர்தானேங்க, ரிவிஷன் மாறலியே. அதுக்கெல்லாம் பதிவு கேக்க மாட்டாங்க."

அவள்மீது ஒரு தப்பும் இல்லை. ஒரே ரிவிஷன் என்றால் ஒரே பொருள் என்று நம்பினாள். எழுத்தை ஏற்றாமல் அவளை ஏமாற்றியது நான். அந்த 120 மைக்ரான் கூட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டு, நான் அமுக்கித் திருத்திய கூட்டை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். அண்ணன் நெஞ்சில் ஓடியது என் 180.

பத்தாம் நாள் மறுபடி திரைக்கு முன்னால் நின்றேன். விஜயராணி சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப முதல் நூத்திமுப்பதுலயும் சிலது அகலமானதுதான்னு நீங்களே சொல்றீங்க" என்றார் டாக்டர் அம்மா. "எந்த எண்ணெல்லாம்?"

"தெரியாதுங்க மேடம். ஆனா எழுபது எண்பது பேராவது பழைய கூட்டோடதான் இருப்பாங்க. இன்னொருத்தர வெச்சுப் பாருங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க ஒரு சாட்சியைக் காட்டினீங்க. அவருக்குப் புது வேகத்துல உடம்பு தேறியிருக்கு. பழைய வேகத்துல பத்து நாள்ல ஒருத்தர் போயிட்டார். இதுக்கு மேல ஒரு நோயாளியை உங்க ஞாபகத்தை நம்பி நான் எப்படிப் பணயம் வைக்கறது? சொல்லுங்கம்மா. என் இடத்துல இருந்தா நீங்க என்ன செய்வீங்க?"

இந்த நீள வாய்க்குப் பதில் வரவில்லை!

"போட்ட அப்புறம் யாருக்காவது மூத்திரம் கறுத்தா, அவங்களுக்கு மட்டும் வேகத்தைக் குறைக்கலாமில்ல?" என்று ஃபர்ஹானாவைக் கேட்டேன்.

"சோதனை அனுமதி முடிஞ்சுபோச்சு, அது இல்லாம ஒரே ரிவிஷனுக்கு ரெண்டு வேகத்தை சிஸ்டம் ஏத்துக்காது மேடம். புது ரிவிஷன் ஏத்தணும். ரெண்டு மாசம் ஆகும்." அவள் குரல் உடைந்திருந்தது. "நான் வேணா எழுதிப் போடறேன் மேடம். இன்னிக்கே ஆரம்பிச்சுடறேன்."

பத்து நாளில் சாகிறவர்களுக்கு இரண்டு மாசத்தில் மருந்து. ஆரம்பிக்கச் சொன்னேன். வேறு என்ன சொல்ல? மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லாப் பம்புக்கும் 2,900 என்று குழு உத்தரவு போட்டது.

என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள், லாகினை முடக்கினார்கள். இரண்டு பத்திரிகைக்காரர்களிடம் பேசினேன். குழு விசாரித்து முடித்துவிட்டதே அம்மா என்றார்கள். இருபது சாவுக்கு என்மீது வழக்கு வரும் என்று நல்லசிவம் சார் சொன்னார். வரட்டும். எப்போதோ வந்திருக்க வேண்டியது.

மறுநாள் காலை சிங்காநல்லூரில் என் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர். பத்தேகால் மணிக்குக் கதவு தட்டும் சத்தம். சாமியப்பன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். மூன்று மாடி ஏறி வந்தவருக்கு மூச்சு ஒரே சீராக இருந்தது.

"போயிருச்சா?" என்றார்.

"பத்து மணிக்குப் போயிருச்சுங்கண்ணா. ஃபர்ஹானா போன் பண்ணுனா. எல்லாத்துக்கும்."

உள்ளே வந்து உட்கார்ந்தார். "இன்னிக்குக் காலைல அரிசிம்பருப்புச் சோறு ரெண்டு தட்டு தின்னேன் வாணி. ரெண்டு தட்டு. நாலு வருஷமா அர தட்டு எறங்காது எனக்கு." சொல்லிவிட்டு, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். தேற்றுவதற்கு எங்களுக்கு யாரும் இல்லை, இருந்தாலும் அதற்கு யோக்கியதை இல்லை.

அப்புறம், "முதல் லாட்டுக்காரவிய பேரு, போன் நம்பரெல்லாம் இருக்குதா?" என்று கேட்டார்.

விசாரணைக்காக அச்செடுத்த தாள் என் பையில் இருந்தது. மேலே முதல் பெயர், எண் 3, மரகதம், தாராபுரம். அவரே போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

"பம்ப் கம்பெனில இருந்து பேசறமுங்க" என்றார்.

"அய்யோ, சொல்லுங்க சாமி!" என்றது ஒரு பெண் குரல். சந்தோஷமான குரல். பின்னால் குக்கர் விசில் அடித்தது. "இப்பத்தானுங்க போன்ல வந்துச்சு, உங்க பம்ப் புதுப்பிக்கப்பட்டதுன்னு. நாங்க எங்கயோ ஒரு மூலைல கிடக்கறோம், எங்கள நெனப்பு வெச்சுப் பண்றீங்களே. உங்க கம்பெனி நல்லா இருக்கோணுமுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்மா, ஒண்ணுக்குக் கறுப்பாப் போச்சுன்னா…" என்று ஆரம்பித்தார்.

"போச்சுன்னா என்னங்க பண்ணோணும்?"

எங்கே போகச் சொல்வது? எந்த ஆஸ்பத்திரியும் அந்த வேகத்தைத் தொட முடியாது.

"தண்ணி நெறையாக் குடிங்கம்மா" என்றார்.

"செரிங்க சாமி. ரொம்பச் சந்தோசமுங்க."

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த நம்பரச் சொல்லு" என்றார்.

சொன்னேன்.